அனுமதியின்றி வந்தவர்

பதினாறு தலைகள் இருந்தன. பதினேழு இருந்திருக்க வேண்டும்.

மறுபடியும் எண்ணினேன். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளை எண்ணுவது லேசான காரியமில்லை. ஒன்று எழுந்து ஓடும். இன்னொன்று பாய்க்குள் சுருண்டிருக்கும். ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். உள்ளங்கையெல்லாம் தேங்காய் எண்ணெய். பதினாறுதான்.

சமையலறையில் அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரத்தில் அரிசி பாதி வெந்து நின்றது. பின்கதவு ஒரு சாண் திறந்திருக்க, அந்த இடுக்கு வழியாக உச்சி வெயில் தரையில் நீளமாக விழுந்து கிடந்தது.

"ரித்திகா எங்க?" என்று கேட்டேன்.

ஒரு சிறுமி மட்டும் வாயிலிருந்து விரலை எடுத்து, ஈரமான அந்த விரலாலேயே பின்கதவைக் காட்டினாள்.

பின்கதவைத் திறந்தால் ஒரு கருவேலம் புதர். அதைத் தாண்டினால் உப்பளம். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளைப் பாத்திகள்.

பத்திரிகையில் இந்தத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்து இந்த ஒரு நாளை எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். பயிற்சி வகுப்பில் நான் அழுதது, மழையில் எங்கள் அங்கன்வாடி மையத்தின் கூரை ஒழுகியது என்று எழுதச் சுலபமானவற்றை எழுதினேன். படித்தவர்கள் என்னை நல்ல டீச்சர் என்று கடிதம் போட்டார்கள். அந்தக் கடிதங்கள் வர வர, இதை எழுதாமல் இருப்பது கஷ்டமாகிவிட்டது.

இரண்டு மையம், ஒரு டீச்சர்

மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய ஊர்களில் ஒன்றில் நான் அங்கன்வாடிப் பணியாளராக இருந்தேன். அரசாங்கக் காகிதத்தில் குழந்தைகள் மையம். ஊர் வாயில் இன்றைக்கும் பால்வாடிதான். நான் பால்வாடி டீச்சர்.

ஒரு மையத்துக்கு இரண்டு பேர் வேண்டும். பாடம், எடை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எல்லாம் டீச்சருக்கு. சமையல், சுத்தம், பிள்ளைகளைக் கழுவி விடுவது உதவியாளருக்கு. உதவியாளரைப் பிள்ளைகள் ஆயாம்மா என்று கூப்பிடுவார்கள்.

எங்கள் ஆயாம்மா பணி ஓய்வு பெற்றுப் போனார். மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவைத்தோம். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. "சீக்கிரம் போட்டுடுவாங்க டீச்சர்" என்றார் எங்கள் சூப்பர்வைசர். அந்த அம்மாவும் மூன்று பேர் பார்க்க வேண்டிய மையங்களை ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வந்ததில்லை.

அதற்குள் பக்கத்து மீனவக் குப்பத்து மையத்தின் டீச்சர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அங்கே ஆயாம்மா உண்டு, டீச்சர் கிடையாது. இங்கே டீச்சர் உண்டு, ஆயாம்மா கிடையாது. இரண்டையும் நானே பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூடுதல் பொறுப்பு என்று அதற்குப் பெயர்.

செவ்வாயும் வியாழனும் நான் ஸ்கூட்டியில் குப்பத்துக்குப் போய்விடுவேன். அந்த இரண்டு நாளும் இந்த மையத்தில் யார் இருப்பது? உத்தரவில் அந்தக் கேள்வியே இல்லை.

ஸ்டெல்லா

எனக்குப் பதில் முன்பே கிடைத்திருந்தது. ஸ்டெல்லா.

அவளுக்கு அப்போது முப்பத்திரண்டோ முப்பத்து மூன்றோ. பிளஸ் டூ முடித்தவள். கணவன் உப்பு லாரியில் லோடு ஏற்றுகிறவன். மகள் எங்கள் மையத்தில்தான் படித்தாள். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போன பிறகும் ஸ்டெல்லா வருவதை நிறுத்தவில்லை. காய் நறுக்கித் தருவாள். பிறகு சாதம் ஊட்டினாள். பிறகு பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். எந்தத் தேதியில் அவள் அந்த மையத்தின் ஆளாக ஆனாள் என்று என்னால் சொல்ல முடியாது.

சம்பளம் கிடையாது. உதவியாளர் வேலைக்கு அறிவிப்பு வந்தால் தனக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஒன்றுதான். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நான். "உனக்கில்லாம வேற யாருக்குத் தருவாங்க? அனுபவம் இருக்குது, படிப்பு இருக்குது" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

சூப்பர்வைசருக்கும் தெரியும். "நல்லா பாத்துக்குறாங்க. இருக்கட்டும் டீச்சர். ஆனா எழுத்துல எங்கயும் வேணாம்" என்றார்.

எனக்குப் பயிற்சி இருந்தது, ஸ்டெல்லாவுக்குப் பிள்ளைகளைக் கட்டிப்போடும் கலை இருந்தது. நான் கதை சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். அவள் கதை சொன்னால் கதைக்குள் போய்விடுவார்கள். ஒரு துடைப்பக் குச்சியைக் காட்டி இதுதான் நாரை என்பாள். இருபது நிமிடத்துக்கு அது நாரைதான். எங்கள் பக்கத்துக் கழிவெளிச் சதுப்பில் இறங்குகிற நாரைகளை மாதிரியே ஒற்றைக் காலில் நின்று கழுத்தை வளைப்பாள். பிள்ளைகள் வரிசையாக நின்று கழுத்தை வளைத்துப் பார்ப்பார்கள்.

ரித்திகா மையத்துக்கு வந்த புதிதில் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. அம்மா ராணி விடியும் முன்பே அளத்துக்கு உப்பு வாரப் போய்விடுவாள். அப்பா இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். நாள் முழுக்க அது பின்கதவுப் பக்கம் உட்கார்ந்து உப்பளத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் பதிவேட்டில் "பேச்சு தாமதம்" என்று எழுதினேன். ஸ்டெல்லா அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தானும் உப்பளத்தைப் பார்த்தாள். தினமும் பார்த்தாள். ஒரு நாள் வெளியே கையைக் காட்டி, "அங்க போறது யாரு? உங்கம்மாவா?" என்று கேட்டாள்.

"இல்ல. எங்கம்மா பச்சை சேலை" என்றது குழந்தை.

அந்த வியாழக்கிழமை

கோடை நன்றாக ஏறியிருந்த நாள். குப்பத்து மையத்தில் எடை பார்க்கும் நாளும் கூட. சூப்பர்வைசர் வந்திருந்ததால் போனைச் சைலண்டில் போட்டுப் பைக்குள் வைத்திருந்தேன்.

பதினொன்றரை மணி இருக்கும். போனை எடுத்துப் பார்த்தால் ஸ்டெல்லாவிடமிருந்து நான்கு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன். ஆட்டோ சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் கேட்டது.

"டீச்சர், சரணுக்குக் காய்ச்சல்ல இழுத்துக்கிச்சு. கண்ணு மேல சொருகிடுச்சு. தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். புள்ளைங்கள உள்ள வச்சு, எதிர்க் கடைக்கார அண்ணன வாசல்ல உக்கார வச்சிருக்கேன். அடுப்ப அணைச்சிட்டேன். நீங்க ஓடியாங்க டீச்சர்."

அன்று வந்தது பதினெட்டுப் பிள்ளைகள். சரணை அவள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மீதி பதினேழு.

நான் வந்து சேர்ந்தபோது கடைக்காரர் சொன்னபடி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடையில் ஆள் நின்று கத்தியும் அவர் எழுந்து போகவில்லை. சமையலறைக்குப் பின்னால் இன்னொரு கதவு இருப்பது அவருக்குத் தெரியாது. இழுத்துக்கொள்ளும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவளுக்கு, அடுப்பை அணைக்க ஞாபகம் வந்தது. பின்கதவுக்குக் கொக்கி போட ஞாபகம் வரவில்லை.

செருப்பு

கடைக்காரரைப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு வரப்பில் ஓடினேன். ஐம்பத்தைந்து வயது. புடவை காலைத் தடுக்கியது. உப்பளத்து வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, தரையிலிருந்தும் வரும். கண்ணைத் திறக்க முடியாது. எங்கே பார்த்தாலும் வெள்ளை. அந்த வெள்ளையில் ஒரு சின்ன உருவத்தை எப்படித் தேடுவது?

அளத்தில் காலை வேலை முடிந்து ஆட்கள் கரையேறும் நேரம். என் சத்தம் கேட்டு நான்கைந்து பேர் கூடையை வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். ராணி வேறு பாதையாக வீட்டுக்குப் போயிருந்தாள். அவளை அழைத்துவர ஒருவர் போனார்.

கடல்நீரைத் தேக்கிவைக்கும் பெரிய பாத்தி ஒன்று தள்ளி இருந்தது. பெரியவர்களுக்கு இடுப்பளவு நீர். அதன் ஓரத்தில் ஒரு சின்னச் செருப்பு மிதந்தது. ரோஸ் நிறம். மேலே பூ ஒட்டியது.

இரண்டு ஆண்கள் சட்டையோடு இறங்கினார்கள். கைகோத்துக்கொண்டு, காலால் அடியைத் தடவித் தடவி நடந்தார்கள். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் ராணி வந்துவிட்டாள். பச்சைச் சேலையில்தான் இருந்தாள். செருப்பைப் பார்த்தாள். அழவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"எம் புள்ளைய யார்கிட்ட விட்டுட்டுப் போனீங்க டீச்சர்?"

நான் தண்ணீரில் நடப்பவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பத்து நிமிடமாக இருக்கலாம். தூரத்தில் ஒரு பெண்ணின் கூக்குரல் கேட்டது. "இங்க இருக்குது! உசுரோட இருக்குது!"

குவித்துவைத்த உப்பு அம்பாரத்தின் மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அதன் நுனி தொங்கிய நிழலில் ரித்திகா சுருண்டு படுத்திருந்தாள். பாதம் இரண்டும் உப்பு அறுத்துச் சிவந்து தோல் உரிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. தண்ணீரைத் துணியில் நனைத்துப் பிழிந்தோம். கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்து, "நான் வந்தேன், நீ இல்ல" என்றது.

ராணி அப்போதுதான் அழுதாள்.

அதே நேரத்தில் ஆஸ்பத்திரியில் டாக்டர் சரணின் அம்மாவிடம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். ஒரே பகலில் ஸ்டெல்லா ஒரு பிள்ளையைக் காப்பாற்றினாள், இன்னொரு பிள்ளையைத் தவறவிட்டாள். அவள் ஒருத்திதானே இருந்தாள்.

ஒரு வார்த்தை

சாயங்காலத்துக்குள் ரித்திகாவின் பாதங்கள் ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றின. மறுநாள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

அங்கே யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று பிறகு நினைத்திருக்கிறேன். நாற்காலி போட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு எழுத்துவேலை பார்க்கும் ஒருவர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"நீங்க குப்பத்து மையத்துக்குப் போனது ஆர்டர்ல இருக்குதுங்க மேடம். அதுல பிரச்சனை இல்ல. இங்க வெளி ஆள் எப்படி வந்தாங்கன்னுதான் கேப்பாங்க. நீங்க வச்சீங்கன்னா உங்க மேல நடவடிக்கை. அவங்களா வந்தாங்கன்னா ஒண்ணும் இல்ல. 'அனுமதியின்றி'ன்னு ஒரு வார்த்தை சேத்து எழுதிடுங்க. முடிஞ்சிடும்."

எனக்கு ஓய்வு பெற சில ஆண்டுகள்தான் பாக்கி இருந்தன. வீட்டில் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். மகன் படித்துக்கொண்டிருந்தான். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் பேனாவைக் கையில் எடுத்தபோது இவற்றில் எதையும் நான் நினைக்கவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

"மேற்படி ஸ்டெல்லா என்பவர் எனது அனுமதியின்றி மையத்துக்கு வந்து செல்பவர்" என்று எழுதினேன். மேற்படி என்று எழுதினேன். என் மத்தியானச் சாப்பாட்டை நான் பாதி நாள் அவள் கையில்தான் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

வெளி ஆட்களை இனி உள்ளே விடக்கூடாது என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் அவள் வந்துவிட்டாள். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் ஸ்கூட்டியை விட்டு இறங்காமலே, "இனிமே வர வேணாம்னு சொல்றாங்க ஸ்டெல்லா" என்றேன்.

அவள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவைத்தாள்.

"சத்துமாவு டப்பா மூடி லூசா இருக்குது டீச்சர். எறும்பு ஏறிடும். மேல ஒரு கல்லு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பற்றி அன்று அவளிடம் சொல்லவில்லை.

வந்தவர்களும் போனவர்களும்

ரித்திகா விஷயத்தில் ஊர்கூடிக் கத்தியதில் ஒரு நன்மை நடந்தது. ஓராண்டு கழித்துக் காலிப்பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஸ்டெல்லா விண்ணப்பம் போட்டாள். நேர்காணலுக்கு நீலப் புடவை கட்டிக்கொண்டு போனதாக ஊரில் சொன்னார்கள். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். பிளாஸ்டிக் கவரில் சர்ட்டிபிகேட்டுகளோடு நின்றாள்.

"எப்படிப் போச்சு?" என்று கேட்டேன்.

"அனுபவம் இருக்குதான்னு கேட்டாங்க. நாலு வருஷம்னு சொன்னேன். ஃபைலைப் பாத்தாங்க. உங்க லெட்டர் அதுல இருக்குது டீச்சர்."

குரலில் கோபம் இல்லை. பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். நான் ஏறவில்லை. நானும் அதே பஸ்ஸுக்குத்தான் நின்றேன்.

வேலை கிடைத்தது வேறொரு பெண்ணுக்கு. அவளையும் குறை சொல்ல மாட்டேன். பட்டம் படித்த பெண், நல்ல பெண். சமைக்கும்போது கூடப் போட்டித் தேர்வுப் புத்தகம் பக்கத்தில் இருக்கும். எட்டு மாதத்தில் சென்னையில் ஒரு கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகும்போது, "இதுல இருந்துக்கிட்டு என்ன டீச்சர் மேல வர முடியும்?" என்று என்னையே கேட்டாள். முப்பது ஆண்டுகளில் நான் ஏறியது ஸ்கூட்டியில் மட்டும்தான்.

இடம் மறுபடி காலி. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் ஸ்டெல்லாவுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது.

ராணி மறுபடி ரித்திகாவை மையத்துக்கு அனுப்பவே இல்லை. பிள்ளையை அளத்துக்குக் கூடவே கூட்டிப்போனாள். வரப்பு நிழலில் ஒரு சாக்கை விரித்து உட்காரவைத்துவிட்டு உப்பு வாருவாள். பின்கதவு வழியாக எனக்குத் தெரியும். நான் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். "அந்தக்கா இருக்குறாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப வேணாம்" என்றாள்.

வெள்ளைக் காகிதம்

ஓய்வு பெற்று சில மாதம் ஆகியிருக்கும். ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்தாள். கீழ்புத்துப்பட்டைத் தாண்டி, ஈசிஆர் ரோட்டில் ஒரு தனியார் ப்ளே ஸ்கூலில் ஆயாவாகச் சேர்ந்திருந்தாள். பெருக்குவது, துடைப்பது, பாத்ரூம் கூட்டிப்போவது. அங்கேயும் டீச்சர்கள் நிற்பதில்லை, மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார்களாம். அனுபவச் சான்று கொண்டுவந்தால் சின்ன வகுப்புக்கு டீச்சராகப் போடுவதாக ஓனரம்மா சொல்லியிருக்கிறார்.

"ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் குடுங்க டீச்சர். வேற யாரும் எனக்குக் குடுக்க முடியாது."

என்னிடம் சீல் இல்லை, பதவி இல்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டால் என் கடிதத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துக் கையால் எழுதினேன். ஸ்டெல்லா என்பவர் எங்கள் மையத்தில் இரண்டு ஆண்டுகள் குழந்தைகளைப் பராமரித்தார், கற்பித்தார், மிகத் திறமையானவர் என்று எழுதி நீட்டினேன்.

அவள் நின்றுகொண்டே படித்தாள்.

"நாலு வருஷம் டீச்சர்" என்றாள். "ஆயாம்மா இருந்தப்பவே நான் வந்துக்கிட்டு இருந்தேன்."

ஆயாம்மா ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் கணக்கு வைத்திருந்தேன். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் எனக்கு ஞாபகமே இல்லை. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். "அந்த லெட்டர்ல நான் எழுதினது பொய். என்னை மன்னிச்சிடு ஸ்டெல்லா" என்றேன்.

"தெரியும் டீச்சர்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. காகிதத்தை மடிக்காமல் கவரில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

சீல் இல்லாத காகிதம் செல்லாது என்று ஓனரம்மா சொல்லிவிட்டதாகப் பிறகு போனில் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் ஒரு வேலையாகப் புதுச்சேரி போய்விட்டுத் திரும்பும்போது, அந்த ஸ்கூல் வாசலில் இறங்கினேன். என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை. கேட் வழியாக உள்ளே பார்த்தேன். சுவரெல்லாம் பொம்மைப் படம். கலர் கலராகக் குட்டி நாற்காலிகள். ஸ்டெல்லா மாப்பு போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நாற்காலியை விட்டு இறங்கி, ஈரத்தரை ஓரமாகக் குந்தி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

உள்ளேயிருந்து ஒரு இளம் டீச்சர் வந்தாள். புதிதாகச் சேர்ந்தவளாக இருக்கும், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது.

"ஆயா, கதையெல்லாம் நான் பாத்துக்குறேன். நீங்க போய் பாத்ரூமைப் பாருங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஸ்டெல்லா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளைகள் எழுந்து அவள் பின்னாலேயே போகப் பார்த்தன. அந்தப் பெண் கைதட்டிக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பி நாற்காலியில் உட்காரவைத்தாள்.

நான் கேட்டைத் தட்டவில்லை.